கணிப்பு மாண்புக் குழுவின் முன் வெர்னா ஸ்டுக்கி

ஒமாஹா அணி கோப்பையை வென்ற மறுநாள் காலை, செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஃபுல்பிரஸ் தொலைக்காட்சியின் ஆறு மாடிக் கட்டடம் சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. யாரும் சாகவில்லை. முப்பது அணிகள் ஆடுகிற கூடைப்பந்து சீசனில் ஒமாஹா முப்பதாவது இடத்துக்குத்தான் வரும் என்று, போன அக்டோபரில் அந்தச் சேனலின் பதினான்கு நிபுணர்களும் வரிசையாக உட்கார்ந்து சொல்லியிருந்தார்கள். சரியாகச் சொன்னால், பதிமூன்று பேர் முப்பதாவது என்றார்கள். பெர்ரி கிம்பிள் என்பவர் மட்டும் இருபத்தொன்பதாவது என்றார். அந்த கிம்பிள் காலை எட்டு மணிக்கே புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, "எனக்கு அப்பவே ஒமாஹா மேல ஒரு கண்ணு" என்று அறை அறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பத்து மணிக்கு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேண்டஸ் ரூலோ, யாருமே இறங்கி வராத கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தாள். அங்கே ஆவணக் காப்பகத்தில் வெர்னா ஸ்டுக்கி முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷம் பதிவுக் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, நான்கு வருஷமாக இங்கே இருக்கிறாள். திரையில் யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று எழுதி வைப்பதுதான் வேலை. எழுதி வைத்ததை இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லை.

"வெர்னா, நாம ஒரு புரட்சி பண்ணப் போறோம். இந்த சீசன்ல நாம சொன்னதுல எதெல்லாம் தப்பாப் போச்சோ, அதையெல்லாம் நாமளே திரையில ஒத்துக்கப் போறோம். ரெண்டு மணி நேர சிறப்பு நிகழ்ச்சி. இந்த நாட்டுல எவனுக்கும் இந்த தைரியம் கிடையாது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ணு விடக்கூடாது. நீங்கதான் தேடி எடுத்துத் தரணும்."

நீதிமன்றத்தில் வேலை பார்த்தவளிடம் ஒன்று விடக்கூடாது என்று சொன்னால், அவள் ஒன்றும் விடமாட்டாள் என்பது கேண்டஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வெர்னா ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். ஐந்து தடித்த கோப்புகளைத் தள்ளுவண்டியில் வைத்து நான்காவது மாடிக்குக் கொண்டுபோனாள். சீசனில் சொல்லப்பட்ட கணிப்புகள் மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. பலித்தவை நூற்றுப் பதினைந்து. மீதி ஆயிரத்து முப்பத்தொன்று பொய்த்துப் போயிருந்தன. சேனலின் தலைமை நிபுணர் ரெக்ஸ் கேலவே தனியாளாக முந்நூற்றுப் பன்னிரண்டு சொல்லி, பத்தொன்பதில் வென்றிருந்தார். அந்தப் பத்தொன்பதில் ஆறு, "இன்னிக்கு ரெண்டு அணியுமே ஜெயிக்கணும்னுதான் ஆடும்" என்ற வகையைச் சேர்ந்தவை.

கேண்டஸ் வண்டியைப் பார்த்தாள், கோப்புகளைப் பார்த்தாள், வெர்னாவைப் பார்த்தாள்.

"நான் மூணு கேட்டேன்."

"எல்லாத்தையும்னு சொன்னீங்க."

"எல்லாத்தையும்னா மூணு வெர்னா! சிரிப்பு வர்ற மாதிரி மூணு. கேலவே ஏதோ ஒரு பேரைத் தப்பா உச்சரிச்சாரே, அந்த மாதிரி."

ஆனாலும் கோப்பு எழுதப்பட்டுவிட்டது. எழுதப்பட்ட எதையும் குழுவின் முன் வைக்காமல் கிழிக்கக்கூடாது என்பது சேனலின் விதி. அதனால் வியாழக்கிழமை கணிப்பு மாண்புக் குழு கூடியது.

அப்படி ஒரு குழு இருப்பது வெர்னாவுக்கு அன்றுதான் தெரியும். நீள மேசை, நடுவில் சேனலின் சின்னம் பொறித்த கண்ணாடிப் பந்து. எல்லோரும் எழுந்து நின்று பந்தின் மேல் கைவைத்து, "எங்களுக்கு முன்பே தெரியும்" என்று மூன்று முறை சொன்னார்கள். அது சேனலின் முழக்கவரி. வெர்னாவும் எழுந்து நின்றாள். என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியாததால் வாயை மட்டும் அசைத்தாள்.

முதலில் கேலவே பேசினார். ஆறரை அடி உயரம், வெண்கலக் குரல். இருபது வருஷத்துக்கு முன் பதினோரு ஆட்டங்கள் ஆடியவர். எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

"கண்ணு, ஒமாஹா கடைசியா வரும்னு நான் சொன்னேன். இப்பவும் சொல்றேன். அவங்க கடைசி அணிதான். கடைசி அணி எப்படி ஆடுமோ அப்படித்தான் ஆடினாங்க. என்ன, ஜெயிச்சுட்டாங்க. அவங்க ஜெயிச்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"முப்பதாவதுன்னு சொன்னீங்க, முதலாவதா வந்துட்டாங்களே ஸார்" என்றாள் வெர்னா.

"வரிசையை எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணறேங்கறதப் பொறுத்தது."

அடுத்து டாக்டர் ஆல்டன் ப்ரூயிட் தொண்டையைக் கனைத்தார். சேனலின் புள்ளிவிவர நிபுணர். அவருடைய கணினிக்கு என்று தனி அறையும், அந்த அறைக்கு என்று தனிக் குளிர்சாதனமும் இருந்தன.

"ஒமாஹா ஜெயிக்க நான் எத்தனை சதவீதம் கொடுத்தேன்? பூஜ்யம் புள்ளி நாலு. அதாவது, நடக்கும்னு சொல்லியிருக்கேன். நடந்துடுச்சு."

"பிட்ஸ்பர்க் ஜெயிக்கும்னு அறுபத்தொரு சதவீதம் கொடுத்திருந்தீங்க ஸார். அவங்க முதல் சுத்துலயே வெளியே போயிட்டாங்க."

"மீதி முப்பத்தொன்பது சதவீதத்துல போயிட்டாங்க. அதையும் நான்தானே சொன்னேன்?"

வெர்னா கோப்பைப் புரட்டினாள். குத்தலாகக் கேட்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கோப்பில் ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தது, அதற்காகக் கேட்டாள்.

"அப்போ, என்ன நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு எழுதணும்?"

டாக்டர் ப்ரூயிட் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அந்த மாதிரி ஒரு சூழ்நிலைய எங்க கணினி இதுவரைக்கும் கண்டதில்ல."

பிறகு பெர்ரி கிம்பிள் எழுந்து, ஒமாஹாவின் எழுச்சியை ஒரு படி முன்னதாகவே கண்டுகொண்ட ஒரே மனிதர் என்ற முறையில் தன் பெயருக்கு ஒரு விருது நிறுவும்படி கேட்டுக்கொண்டார். அது தனியாகப் பரிசீலிக்கப்படும் என்று குறித்துக்கொண்டார்கள்.

அன்று முழுவதும் குழு உட்கார்ந்து கணிப்புகளைச் சுத்தம் செய்தது. சுத்தம் என்பது அவர்கள் சொன்ன வார்த்தை. 'ஒருவேளை' என்று தொடங்கியவை கணிப்பாகாது என்று நீக்கினார்கள். கோபத்தில் சொன்னவை, சிரித்துக்கொண்டே சொன்னவை, விளம்பர இடைவேளைக்குச் சற்று முன் சொன்னவை எல்லாம் நீங்கின. ஒமாஹாவைப் பற்றியவை மொத்தமாக நீங்கின. ஒமாஹா ஒரு விதிவிலக்கு, விதிவிலக்கைக் கணக்கில் சேர்ப்பது அறிவியல் ஆகாது என்றார் டாக்டர் ப்ரூயிட். இன்னும் பத்து வருஷம் கழித்துப் பலிக்கக்கூடியவை என்று ஒரு பெரிய கட்டு நீங்கியது. வறுத்த ராவியோலிப் பலகாரத் தட்டுகள் மூன்று முறை வந்து காலியாகிப் போயின. மாலையில் எஞ்சியவை நூற்று இருபத்திரண்டு கணிப்புகள். அவற்றில் பலித்தவை நூற்றுப் பதினைந்து. பொய்த்த ஏழும் ஜனவரியில் வேறு சேனலுக்குத் தாவிப்போன ஒருவர் சொன்னவை.

"தொண்ணூத்து நாலு சதவீதம்!" என்றார் கேலவே. அவர் கண்கள் கலங்கிவிட்டன. "எனக்கே தெரியாமப் போச்சே. நம்மள நாமளே எவ்வளவு மட்டமா நெனைச்சுட்டோம்."

அந்த எண்ணை நிகழ்ச்சியில் யார் வாசிப்பது என்று பேச்சு வந்தது. நிபுணர்கள் வாசித்தால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று கேண்டஸ் சொன்னாள். நிபுணர்களில் யாரும் அதை மறுக்கவில்லை. எல்லோருடைய பார்வையும் வெர்னாவின் பக்கம் திரும்பியது. பழைய பின்னல் சட்டை, கழுத்தில் கயிறு கட்டின கண்ணாடி.

"இந்த முகம் பொய் சொல்லும்னு எவனும் நெனைக்க மாட்டான்" என்றார் கேலவே, மனதாரப் பாராட்டி.

நிகழ்ச்சிக்கு ஒரு சிறப்பு விருந்தினரையும் வரவழைத்திருந்தார்கள். லாமண்ட் டூபோஸ், ஒமாஹாவின் ஆட்டக்காரர், முப்பத்தைந்து வயது. போன கோடையில் அவர் லூயிவில் அணியில் இருந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. "டூபோஸோட முழங்காலை எடுத்து அருங்காட்சியகத்துல வைக்கலாம்" என்று கேலவே ஒரு நாள் சொன்னார். அது எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிறகு தினமும் சொன்னார். முழங்காலுக்கு நுழைவுச்சீட்டு எவ்வளவு போடலாம் என்று நிபுணர்கள் அரை மணி நேரம் விவாதித்தார்கள். கோடைப் பயிற்சி ஆட்டங்களில்கூட ஜனங்கள் அதை அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். செப்டம்பரில் லூயிவில் அவரைக் கழற்றிவிட்டது. யாரும் எடுக்காத ஆளை ஒமாஹா எடுத்தது. இறுதிப் போட்டியின் கடைசி நான்கு நிமிஷத்தில் அவர்தான் பதினேழு புள்ளிகள் போட்டார்.

ஒளிபரப்புக்கு முன் ஒப்பனை அறையில் வெர்னாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கழுத்திலும் காகிதத் துண்டு.

"நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவங்களாமே?" என்று கேட்டார் டூபோஸ்.

"ஆமா தம்பி."

"என் முழங்காலப் பத்தி எத்தனை தடவ சொன்னாங்க?"

வெர்னாவுக்குக் கோப்பைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. "நாப்பத்தொண்ணு."

அவர் கண்ணாடியைப் பார்த்தபடி தலையாட்டினார். "எங்கம்மா எண்ணினது முப்பத்தெட்டு. டிவியப் போட்டுட்டு உக்காந்து கோடு கிழிச்சுக்கிட்டு இருப்பா. அணைச்சுத் தொலையேன்மான்னா கேக்க மாட்டா. மூணு தடவ அசந்து தூங்கியிருப்பா போல."

வெர்னாவின் மடியில், தொண்ணூற்று நான்கு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த அட்டை இருந்தது. நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷம், கொலைகாரன் சொன்னதையும் நீதிபதி சொன்னதையும் ஒரு எழுத்து பிசகாமல் எழுதியவள். இங்கே பந்தாட்டத்துக்குப் போய் எண்ணை மாற்றி வாசிக்கப் போகிறோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

விளக்குகள் எரிந்தன. நிகழ்ச்சியின் பெயர், 'தவறினோம், தலைகுனிகிறோம்.' யார் தலையும் குனியவில்லை. கேலவே நாற்காலியை நகர்த்திப் போட்டு டூபோஸின் தோளில் கைபோட்டார்.

"லாமண்ட், ஒரு ஆம்பளையா உன் முகத்துக்கு நேரா சொல்றேன். நான் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா அது உனக்குச் செய்யற அவமரியாதை. நான் அப்படிச் சொன்னதாலதானே உனக்கு வெறி வந்துச்சு? அந்தத் தீயப் பத்த வச்சது யாரு?"

"எனக்குத் தீயெல்லாம் வேணாம் ஸார்" என்றார் டூபோஸ். "லூயிவில்லயே வேலை இருந்திருந்தா போதும். என் பொண்ணு நடு வருஷத்துல பள்ளிக்கூடம் மாறினா. புதுப் பள்ளிக்கூடத்துல பசங்க அவளை மியூசியம்னுதான் கூப்பிட்டாங்க."

"பாத்தீங்களா!" என்று கேலவே கேமராவைப் பார்த்துத் திரும்பினார். "குடும்பத்துக்கே உரம் ஏத்தியிருக்கேன். ஒமாஹாவோட கோப்பையில எங்களுக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்குன்னு நாங்க பெருமையாச் சொல்லிக்கல. நீங்களே சொல்லுங்க."

டூபோஸ் தன் தோளிலிருந்த கையை எடுத்து, கேலவேயின் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அந்தக் காலி இடத்தை நிரப்ப வெர்னாவை உள்ளே அனுப்பினார்கள். அவளுக்கு நாற்பது விநாடி. காதில் கேண்டஸின் குரல், "வாசிங்க வெர்னா, சிரிச்ச முகமா" என்றது. வெர்னா அட்டையைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"மொத்தம் ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு. அதுல சரியா இருந்தது நூத்திப் பதினஞ்சு. பத்துக்கு ஒம்பது தப்பு. டூபோஸ் தம்பியோட முழங்காலப் பத்தி மட்டும் நாப்பத்தொரு தடவ. நாப்பத்தொண்ணும் தப்பு. எழுதி வச்சிருக்கேன்."

அதோடு தன் வேலை போய்விட்டது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒப்பனை அறையில் விட்ட கைப்பையை எப்படி எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

ஆனால் கேலவே எழுந்து கைதட்டினார். மேசையே அதிர்ந்தது. ப்ரூயிட் எழுந்தார். கிம்பிள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"இதுதான் ஃபுல்பிரஸ்!" என்று முழங்கினார் கேலவே. "வேற எந்தச் சேனல்ல இப்படி ஒரு உண்மையச் சொல்ல விடுவாங்க? நான் இந்த அம்மாவ நெனைச்சுப் பெருமைப்படறேன். என்னை நெனைச்சு அதைவிடப் பெருமைப்படறேன்."

அந்த வருஷத்தில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுதான். திங்கட்கிழமை நெடுஞ்சாலை ஓரத்தில் விளம்பரப் பலகைகள் எழுந்தன. 'தொண்ணூறு சதவீதம் தவறு. நூறு சதவீதம் நேர்மை.' அதற்கு மேல் கேலவேயின் முகம். விளையாட்டு ஒளிபரப்பாளர் சங்கம் அவருக்கு அடக்கத்துக்கான விருதைக் கொடுத்தது. அவர் ஏற்புரை ஐம்பது நிமிஷம். தவறுவதற்கும் ஒரு தகுதி வேண்டும், எல்லோராலும் இந்த அளவுக்குத் தவறிவிட முடியாது என்று அதில் அவர் சொன்னார். அவையினர் குறித்துக்கொண்டார்கள்.

டூபோஸிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாதி நிகழ்ச்சியில் எழுந்து போனவர் என்று அவர் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு மட்டும் விழுந்தது.

வெர்னாவைக் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் உள்ள அறை. வாரா வாரம் பத்து நிமிஷம், 'வெர்னா எண்ணுகிறார்.' கடைக்குப் போனால் ஜனங்கள் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் பௌலிங் பந்துருட்டப் போகும் கிளப்பில் ஒருவர் அவளுக்காகத் தன் முறையை விட்டுக்கொடுத்தார். உள்ளதை உள்ளபடி சொன்னால் உலகம் ஏற்றுக்கொள்ளும் போலிருக்கிறதே என்று வெர்னாவுக்கு ஒரு எண்ணம் துளிர்த்தது. அந்த வயதில் அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷம் முதல் ஒளிபரப்பின் ஏழாவது நிமிஷம் வரை நீடித்தது.

"சரி வெர்னா," என்றார் கேலவே, கண்ணைச் சிமிட்டி, "ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த சீசன்ல கோப்பை யாருக்கு?"

"எனக்குத் தெரியாது" என்றாள் வெர்னா.

கேலவே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. காதுக்குள் கேண்டஸ் பதறினாள். "ஏதாவது ஒரு அணி பேரைச் சொல்லுங்க! எதுவா இருந்தாலும் பரவாயில்ல!"

"தெரியாதுங்க" என்றாள் வெர்னா மறுபடியும், கேமராவைப் பார்த்து, மரியாதையாக. "இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடலையே. ஆடட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

நான்கு விநாடி மௌனம். ஃபுல்பிரஸ் தொடங்கிய நாளிலிருந்து அதன் திரையில் நான்கு விநாடி யாரும் பேசாமல் இருந்ததில்லை என்று பிறகு கணக்கெடுத்துச் சொன்னார்கள். கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து விளம்பரத்தை ஓடவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே கணிப்பு மாண்புக் குழு அவசரமாகக் கூடியது. எல்லோரும் எழுந்து கண்ணாடிப் பந்தின் மேல் கைவைத்து முழக்கவரியைச் சொன்னார்கள். வெர்னாவை மட்டும் கைவைக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். ஊழியர் நல அதிகாரி குற்றச்சாட்டை வாசித்தார். மெலிந்த மனிதர், பெயர் கிளைட் ஹார்னிஷ்.

"சேனலோட முழக்கம் என்ன? எங்களுக்கு முன்பே தெரியும். நீங்க திரையில, லட்சக்கணக்கான ஜனங்க முன்னால, ரெண்டு தடவ தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?"

"சொன்னேன். ஆனா தெரியலையே."

"தப்பாச் சொல்லியிருந்தா நாங்க உங்க பின்னால நின்னிருப்போம்" என்றாள் கேண்டஸ். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "தப்புக்குத்தான் இங்க இடம் இருக்கே வெர்னா. எத்தனை வேணா சொல்லியிருக்கலாமே."

டாக்டர் ப்ரூயிட் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். "ஒருத்தர் தெரியாதுன்னு சொல்ல ஆரம்பிச்சா, ஜனங்க எல்லாரையும் பாத்து உனக்குத் தெரியுமான்னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் என் கணினிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"இந்தச் சேனல்ல கணிப்பு பொய்யாப் போச்சுன்னு இதுவரைக்கும் யாரையாவது வேலைய விட்டு எடுத்திருக்கீங்களா?" என்று வெர்னா கேட்டாள்.

ஹார்னிஷ் தாள்களைப் புரட்டினார். நேர்மையான மனிதர். "இல்ல."

கடைசியாக அவர் பேனாவை மூடி, கொஞ்சம் இளகிய குரலில் சொன்னார். "முதல் தடவங்கறதால எச்சரிக்கையோட விட்டுடலாம்னு குழு நெனைக்குது. இனிமே இப்படி நடக்காதுன்னு நீங்க உறுதி கொடுத்தா போதும். கொடுப்பீங்களா?"

வெர்னா யோசித்துப் பார்த்தாள். வேலை வேண்டும். ஜன்னல் உள்ள அறையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் யார் என்ன கேட்பார்கள், அது தனக்குத் தெரிந்திருக்குமா என்பதை இன்றைக்கே எப்படிச் சொல்வது?

"அது எனக்குத் தெரியாதுங்களே" என்றாள்.

ஹார்னிஷ் பேனாவைத் திறந்து, "குழுவின் முன்னிலையிலேயே மீண்டும்" என்று எழுதினார்.

பன்னிரண்டு மணிக்கு வெர்னா தன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு மின்தூக்கியில் ஏறினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரமும் இல்லை. உண்மையில் மனசு லேசாக இருந்தது. கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, நீதிமன்றத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஏதாவது கிடைக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மாடியில் கதவு திறந்து ரெக்ஸ் கேலவே உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பெட்டியை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். கீழே வந்ததும் அவளிடம் திருப்பிக் கொடுத்து, அந்த வெண்கலக் குரலைத் தணித்து, உள்ளத்திலிருந்து சொன்னார்.

"கவலைப்படாத கண்ணு. நான் சொல்றேன், எழுதி வச்சுக்கோ. ஒரே மாசத்துல உனக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கும்."

முந்நூற்றுப் பன்னிரண்டுக்குப் பத்தொன்பது என்ற கணக்கு நினைவுக்கு வர, அதுவரை கலங்காமல் நின்ற வெர்னா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருக்கும் சேமிப்பு எத்தனை மாசத்துக்கு வரும் என்று எண்ணத் தொடங்கினாள்.